கவுண்டரில் வாங்கும் அடி எந்தக் கணக்கில் ஏறுகிறது? (பெங்களூரு கடை, டெலிவரி, பஸ், செக்யூரிட்டி வேலையில் இருப்பவர்களுக்கு)

விவேக்நகர்_கௌரி

எல்லோருக்கும் வணக்கம். பெங்களூரில் கடையிலும் ஓட்டலிலும் டெலிவரியிலும் வேலை பார்க்கும் தமிழர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். உங்களிடம் ஒன்று கேட்கத்தான் இதைத் தொடங்குகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் கோரமங்களாவில் ஒரு மருந்துக் கடையில் இரவு ஷிஃப்ட். போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, மணி பதினொன்றே முக்கால். கூட இருந்த பையன் டீ வாங்கப் போயிருந்தான். இரண்டு பேர் வந்து ஒரு வலி மாத்திரை பத்து அட்டை வேண்டும் என்றார்கள். டாக்டர் சீட்டு இல்லை. தர முடியாது என்றேன். மூன்று தடவை கேட்டார்கள், மூன்று தடவையும் அதே பதில்தான் சொன்னேன். உயரமாக இருந்தவன் கவுண்டர் மேல் குனிந்து, பார்கோடு ஸ்கேனரை வயரோடு பிடுங்கி என் மேல் எறிந்தான். இடது காது மடல் கிழிந்து மூன்று தையல்.

மறுநாள் மாலை வேலைக்குப் போனபோது டேமேஜ் புக் மேஜையில் இருந்தது. "ஸ்கேனர் 1, வயர் அறுந்தது, ரூ. 2,800." அதற்கு மேல் வரியில் உடைந்த இருமல் மருந்து பாட்டில், கீழ் வரியில் காலாவதியான கண் சொட்டு மருந்து. கையெழுத்துப் போட வேண்டியவள் நான். போட்டேன். என் காதைப் பற்றிக் கடையில் எந்தத் தாளிலும் ஒரு வரி கிடையாது. மேனேஜர் கெட்டவர் இல்லை, ஆட்டோவுக்கும் ஆஸ்பத்திரிக்கும் அவர்தான் பணம் கொடுத்தார். ஆனால் அவரும், "இந்த வேலையில இதெல்லாம் இருக்கும்மா" என்றுதான் சொன்னார்.

அந்தப் பேச்சு என்னை விடவே இல்லை. நான் திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் குற்றவியல் முதுகலை படித்தவள். வேலையிடத்து வன்முறையை அங்கே நான்காகப் பிரித்துப் படித்தோம். கொள்ளையடிக்க வரும் வெளியாள் செய்வது ஒன்று. வாடிக்கையாளர், நோயாளி, பயணி செய்வது இரண்டாவது. கூட வேலை செய்பவரோ மேலாளரோ செய்வது மூன்றாவது. வீட்டுத் தகராறு வேலையிடம் வரை தேடி வருவது நான்காவது. அமெரிக்காவில் கலிபோர்னியா தொழில் பாதுகாப்புத் துறை 1990-களில் முதல் மூன்றை வகுத்தது, நான்காவது பின்னால் சேர்ந்தது. பரீட்சைக்கு மனப்பாடம் செய்த விஷயம். காதில் பஞ்சோடு உட்கார்ந்திருந்தபோதுதான் அந்த நான்கு வகையில் நான் இரண்டாவது கட்டத்தில் இருக்கிறேன் என்று உறைத்தது.

லண்டனைச் சேர்ந்த குற்றவியலாளர் எம்மெலின் டெய்லர் 2019-இல் கடைத் தொழிலாளர்கள் வாங்கும் அடியையும் ஏச்சையும் பற்றி ஒரு அறிக்கை எழுதினார். இது வேலையின் பகுதி இல்லை என்பதைத்தான் தலைப்பாகவே வைத்தார். எங்கே சண்டை மூள்கிறது என்று அவர் பார்த்த இடங்களில் இரண்டு முக்கியம்: திருடுபவனைத் தடுக்கும்போது, வயது கேட்டு மது, சிகரெட்டை மறுக்கும்போது. இரண்டிலும் விதி வேறு யாரோ போட்டது. அதை வாயால் சொல்ல வேண்டியவர் கவுண்டரில் நிற்பவர். நானும் சீட்டு கேட்டேன். டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்துகளின் பட்டியல்களான அட்டவணை எச், எச்1 போட்டது அரசாங்கம். எச்1 2014 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது, அதற்குத் தனி பதிவேடே வைக்க வேண்டும். மாத்திரை வாங்கியவன் பெயர் ஏறுவதற்குப் பதிவேடு இருக்கிறது, மறுத்தவள் வாங்கிய அடிக்கு இல்லை.

உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள். நீங்கள் என்ன சொல்லிக்கொண்டிருந்தபோது நடந்தது, அது யார் போட்ட விதி, அப்போது கூட யார் இருந்தார்கள்? இந்த மூன்றும்தான் எனக்கு வேண்டும். கடைப் பெயர், ஆள் பெயர் எதுவும் வேண்டாம்.

---

ஓசூர்_டு_சிட்டி

அக்கா, காது இப்போது எப்படி இருக்கிறது? முதலில் அதைச் சொல்லுங்கள்.

---

விவேக்நகர்_கௌரி

தையல் பிரித்தாகிவிட்டது தம்பி. கேட்டதற்கு நன்றி. அந்தப் பக்கம் சாய்ந்து படுக்க இன்னும் முடியவில்லை, அவ்வளவுதான்.

---

எஜிபுரா_பாபு

அக்கா, நான் நாலு வருஷமாக டெலிவரி. வாடிக்கையாளர் என்னை அடித்ததில்லை. எனக்கு நடந்த கைகலப்பு எல்லாமே அபார்ட்மெண்ட் கேட்டில், செக்யூரிட்டி அண்ணன்களோடு.

கேட்டில் வைத்திருக்கும் ஆப்பில் பெயர், நம்பர், ஃபிளாட் நம்பர் போட வேண்டும். மேலேயிருந்து சரி என்று அழுத்தும் வரை நிற்க வேண்டும். அப்புறம் மெயின் லிஃப்டில் ஏறக்கூடாது, பின்னால் இருக்கும் சர்வீஸ் லிஃப்டில்தான் போக வேண்டும். அது பதினாலு மாடிக்கும் ஒன்றுதான், குப்பை வண்டியும் அதில்தான் போகும். என் ஃபோனில் நேரம் ஓடிக்கொண்டே இருக்கும். மழை வேறு. போன வருஷம் ஒருநாள் மெயின் லிஃப்ட் கதவு திறந்தே இருந்தது, ஏறிவிட்டேன். செக்யூரிட்டி ஓடிவந்து சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தார். நான் தள்ளினேன். அவர் விழுந்து முழங்கை சிராய்த்துக்கொண்டது. ஐம்பது வயசுக்கு மேல் இருக்கும், கிருஷ்ணகிரிப் பக்கம். தமிழில் திட்டினார், நானும் தமிழில் திட்டினேன். அப்புறம் ரெண்டு பேரும் தண்ணீர் கேன் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டோம். "நீ மெயின் லிஃப்டில போனதை கேமராவில பார்த்தா எனக்கு ஒரு நாள் சம்பளம் போயிடும் தம்பி" என்றார்.

அவருக்கு எந்தக் கட்டம், எனக்கு எந்தக் கட்டம் அக்கா? அவர் என் கம்பெனி ஆள் இல்லை, எனக்கு வாடிக்கையாளரும் இல்லை. லிஃப்ட் விதி போட்டவர்கள் மாடியில் வாட்ஸ்ஆப் குழுவில் இருக்கிறார்கள். அவர்களை நாங்கள் ரெண்டு பேருமே பார்த்தது கூட இல்லை.

---

விவேக்நகர்_கௌரி

பாபு, இதற்கு என்னிடம் சரியான கட்டம் இல்லை. அந்த நான்கையும் வகுத்தவர்கள் ஒரு முதலாளி, ஒரு கூரை, ஒரு கவுண்டர் என்று நினைத்து வகுத்தார்கள். நீங்கள் இருவரும் ஒரே லிஃப்ட் வாசலில் வேலை செய்கிறீர்கள், சம்பளம் தருபவர்கள் மட்டும் வேறு வேறு. நிதி ஆயோக் 2022-இல் போட்ட அறிக்கை, 2020-21-இல் நாட்டில் 77 லட்சம் பேர் இப்படி நிரந்தர முதலாளி இல்லாத கிக் வேலையில் இருந்ததாகவும் 2029-30-இல் அது 2.35 கோடி ஆகும் என்றும் சொல்கிறது. அத்தனை பேரும் ஏதோ ஒரு கேட்டில் நிற்பவர்கள்தான். நீங்கள் எழுதியதை அப்படியே குறித்துக்கொண்டேன்.

---

ராமமூர்த்திநகர்_சேகர்

கொஞ்சம் மாற்றிப் பேசுகிறேன், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நான் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் கிளை மேலாளர். பதினெட்டு ஆள் எனக்குக் கீழே.

ஸ்கேனரை எறிந்தது குற்றம், அதில் பேச்சே இல்லை. ஆனால் லிஃப்ட், ஏச்சு, முறைப்பு எல்லாவற்றையும் வன்முறை என்ற ஒரே பையில் போட்டால் நிஜமான அடி அதில் காணாமல் போகும். ஒரு நாளைக்கு எங்கள் கடைக்கு எட்டு நூறு பேர் வருகிறார்கள். பத்துப் பேர் கத்துவார்கள். பில்லில் தப்பு வந்தால் நானும் கத்துவேன். இரவில் இரண்டு பேர் போடு என்பீர்கள், சரி, அந்தச் சம்பளம் எங்கிருந்து வரும்? சின்னக் கடைக்காரர் ஷட்டரைப் பத்து மணிக்கே இறக்கிவிடுவார், கௌரி மேடத்துக்கு இருக்கிற வேலையும் போகும்.

---

விவேக்நகர்_கௌரி

சேகர் சார், கேட்டது நியாயமான கேள்வி. செலவு விஷயத்துக்கு முதலில் வருகிறேன்.

இரண்டு பேர் போடுவது பழைய விவாதம்தான். அமெரிக்காவில் புளோரிடாவின் கெய்ன்ஸ்வில் நகரம் 1980-களில் இரவுக் கடைகளில் இரண்டு ஊழியர்கள் கட்டாயம் என்று விதித்தது. கொள்ளை நன்றாகவே குறைந்தது. ஆனால் அதே சமயத்தில் சில கொள்ளையர்கள் பிடிபட்டதும் நடந்தது, அதனால் எது காரணம் என்று ஆய்வாளர்கள் சண்டை போட்டார்கள். அந்தச் சண்டை இருக்கட்டும். அதற்கு முன்பே, 1970-களில், தெற்கு கலிபோர்னியாவில் ஒரு சோதனை செய்தார்கள். ஆள் கூட்டவில்லை. கல்லாவில் பணத்தைக் குறைத்தார்கள், கண்ணாடியை மறைத்த போஸ்டர்களைக் கிழித்தார்கள், விளக்கைக் கூட்டினார்கள், ஊழியருக்குப் பயிற்சி கொடுத்தார்கள். இதையெல்லாம் செய்யாத கடைகளோடு ஒப்பிட்டால் கொள்ளை சுமார் 30 சதவீதம் குறைந்தது. போஸ்டர் கிழிக்க என்ன செலவு சார்? எங்கள் கடை முன் கண்ணாடி முழுக்கப் புரோட்டீன் மாவு விளம்பரம். நான் உள்ளே ரத்தத்தோடு நின்றது எதிரே பானிபூரி வண்டிக்காரருக்குத் தெரியவில்லை. தெரிந்திருந்தால் வந்திருப்பார், தினமும் என்னிடம்தான் சில்லறை மாற்றுவார்.

கோஹன், ஃபெல்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1979-இல் சொன்னதுதான் இது. குற்றம் நடக்க மூன்றும் ஒன்றுகூட வேண்டும்: செய்யத் துணிந்தவன், கைக்கு எட்டும் இலக்கு, காவலுக்கு ஆள் இல்லாமை. காவல் என்றால் போலீஸ் மட்டும் இல்லை. பானிபூரிக்காரரும் காவல்தான்.

இனி ஏச்சு. பிரிட்டன் சில்லறை வணிகக் கூட்டமைப்பு வருஷா வருஷம் கணக்கு எடுக்கிறது. கடை ஊழியர் மீதான வன்முறையும் ஏச்சும் 2022-23-இல் ஒரு நாளைக்கு 1,300, 2023-24-இல் 2,000-க்கு மேல். இரண்டையும் சேர்த்தே எண்ணுகிறார்கள். ஆனால் அடி எத்தனை, ஆயுதம் எத்தனை என்று தனியாகவும் பிரிக்கிறார்கள். எண்ணினால்தானே சார் பிரிக்க முடியும்? நம் தேசிய குற்றப் பதிவேட்டில் என் காது ஏறினாலும் வெறும் காயம் என்றுதான் ஏறும். மருந்துக் கடைக்காரி, இரவு, தனியாக என்று ஏறாது.

---

ஹலசூர்_வழக்கறிஞர்

கௌரி, போலீசுக்குப் போனீர்களா? போயிருந்தால் என்ன சொன்னார்கள் என்று நானே ஊகிக்கிறேன். என்.சி.ஆர்., அதாவது எஃப்.ஐ.ஆர். போடாமல் புகாரை மட்டும் குறித்துக்கொள்ளும் பதிவு, எழுதி ஒரு தாள் கொடுத்திருப்பார்கள்.

காரணம் சட்டத்திலேயே இருக்கிறது. புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 115(2), அதாவது சாதாரணக் காயம், பிடியாணை இல்லாமல் கைது செய்ய முடியாத குற்றம். நீதிமன்ற உத்தரவு இல்லாமல் போலீஸ் புலன்விசாரணையே தொடங்க முடியாது. அவமதித்துப் பேசுவது, 352-ஆம் பிரிவு, அதுவும் அப்படியே. கன்னத்தில் அறை வாங்கிய டெலிவரிப் பையன் ஸ்டேஷனுக்குப் போனால் எஸ்.ஐ. "காம்ப்ரமைஸ் பண்ணிக்கோங்க" என்று சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். ஆபத்தான ஆயுதத்தால் காயம் என்றால் 118(1), அதில் எஃப்.ஐ.ஆர். போட்டாக வேண்டும். எறிந்த ஸ்கேனர் அதில் வருமா என்பது வாதாட வேண்டிய விஷயம், நான் வாதாடுவேன். வழியை மறித்து நின்றிருந்தால் 126(2) இருக்கிறது, அதிலும் எஃப்.ஐ.ஆர். உண்டு. புகாரில் "அடித்தார்" என்று மட்டும் எழுதாமல், எதை எடுத்தார், எங்கே நின்றார், வெளியே வர முடிந்ததா என்று ஒவ்வொன்றாக எழுதுங்கள். பிரிவு அதில்தான் முடிவாகும்.

அரசு ஊழியர் என்றால் கதையே வேறு. கடமையைத் தடுக்கத் தாக்கினால் 132. கர்நாடகத்தில் மருத்துவமனை ஊழியர்களுக்கு 2009-இலேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. அது சிகிச்சை தரும் இடங்களில் வேலை செய்பவர்களுக்காக எழுதப்பட்டது. அதே டாக்டர் எழுதிய சீட்டைக் கேட்டு அடி வாங்கிய உங்களுக்கு 115.

ஸ்காட்லாந்தில் 2021-இல் கடைத் தொழிலாளர்களுக்கென்றே சட்டம் போட்டார்கள். வயது வரம்பு விதியை அமல்படுத்தும்போது தாக்கினால் அது குற்றத்தின் கடுமையைக் கூட்டும் என்று அதில் எழுதியிருக்கிறது. நீங்கள் முதல் பதிவில் சொன்ன அதே விஷயம்தான்.

இன்னொன்று, இதை எல்லோரும் கவனியுங்கள். மாதச் சம்பளம் 21,000-க்குள் இருந்து ஈ.எஸ்.ஐ. பிடித்தம் இருந்தால், வேலையில் வாங்கிய அடியை வேலைக் காயமாகக் கோரலாம். முதலாளி விபத்து அறிக்கை அனுப்ப வேண்டும். தற்காலிகமாக வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குச் சம்பளத்தில் 90 சதவீதம் வரை கிடைக்கும். அடித்தது விபத்தா என்று கேட்பார்கள். திமாப்பூரில் ஓர் ஆட்டோ ஓட்டுநரை, வண்டியைத் திருடுவதற்காகப் பயணிகளே கொன்றார்கள். 2000-இல் உச்ச நீதிமன்றம் அந்தக் கொலையை, அவர் வேலையைப் பொறுத்தவரை, விபத்து மரணமாகவே எடுத்துக்கொண்டு குடும்பத்துக்கு இழப்பீடு தரச் சொன்னது.

---

விவேக்நகர்_கௌரி

ஐயா, என்.சி.ஆர். தாள்தான் கொடுத்தார்கள். என் பர்ஸில் இருக்கிறது. ஈ.எஸ்.ஐ. பிடித்தம் இருக்கிறது, ஆனால் அறிக்கை அனுப்பலாம் என்று எனக்கோ மேனேஜருக்கோ தோன்றவே இல்லை. நாளைக்கே கேட்கிறேன்.

---

லிங்கராஜபுரம்_மேரி

வழக்கறிஞர் சார் 132 என்று எழுதியதைப் பார்த்ததும் எழுதத் தோன்றியது. என் வீட்டுக்காரர் பி.எம்.டி.சி. (பெங்களூரு மாநகர பஸ்) கண்டக்டர். 2024 அக்டோபரில் ஒயிட்ஃபீல்டு பக்கம் வாசலில் நின்ற பயணியை உள்ளே வாங்க என்று சொன்ன கண்டக்டரைக் கத்தியால் குத்தினார்களே, அன்றைக்கு ராத்திரி இவர் வீட்டுக்கு வரும் வரை நான் வாசலிலேயே நின்றேன். குத்தியவர் சில நாளுக்கு முன்னால்தான் வேலை போனவர் என்று பேப்பரில் வந்தது. அவரும் கம்பெனியில் கஸ்டமரிடம் பேச்சு வாங்கியவராகத்தான் இருக்கும் என்று இவர் சொன்னார். குத்து வாங்கியவர் பிழைத்தார், கர்த்தருக்கு நன்றி.

சட்டம் இருக்கிறது, சரி. ஆனால் தினசரி நடப்பது வேறு. 2023 ஜூன் 11-ஆம் தேதி சக்தி திட்டம் வந்தது. கர்நாடகப் பெண்களுக்கு டிக்கெட் இலவசம், நல்ல திட்டம், நானும் போகிறேன். ஆனால் கர்நாடக முகவரி இருக்கிறதா என்று பார்க்க வேண்டியது கண்டக்டர். அத்திபெலே பஸ்ஸில் ஓசூர் ஆதாரை நீட்டுகிற நம் ஊர் அம்மாவிடம், "அம்மா, நீங்க டிக்கெட் எடுக்கணும்" என்று இவர்தான் தமிழில் சொல்ல வேண்டும். "தமிழனா இருந்துக்கிட்டு நீயே இப்படிச் சொல்றியே" என்று பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி திட்டுவார்களாம். விடவும் முடியாது, செக்கிங் வந்தால் இவர் பேரில் மெமோ. இவரை யாரும் அடித்ததில்லை. வீட்டுக்கு வந்து அரை மணி நேரம் யாரோடும் பேச மாட்டார். சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டே இருப்பார். பிள்ளைகளுக்குத் தெரியும், அந்த நேரத்தில் கிட்டே போக மாட்டார்கள்.

சேகர் அண்ணா, இதை எந்தப் பையில் போடுவது என்று எனக்குத் தெரியாது. ஆனால் போட ஒரு பை வேண்டும்.

---

விவேக்நகர்_கௌரி

மேரி அக்கா, உங்கள் பதிவை இரண்டு தடவை படித்தேன்.

குற்றவியலில் ஒரு பிரிவினர் இதைத்தான் இருபது வருஷத்துக்கும் மேலாகச் சொல்கிறார்கள். பேடி ஹில்யார்ட், ஸ்டீவ் டூம்ப்ஸ் போன்றவர்கள். சட்டப்புத்தகத்தில் குற்றம் என்று எழுதியதை மட்டும் பார்த்தால், மனுஷனுக்கு நடக்கும் பெரும்பாலான கேடு கண்ணில் படாது, அதனால் கேடு எது என்பதிலிருந்து தொடங்குங்கள் என்றார்கள். ஆண்டனி லாயிட் என்பவர் வடகிழக்கு இங்கிலாந்தில் கால் சென்டர், கடை, ஓட்டல் வேலைகளை அப்படிப் பார்த்து 2018-இல் எழுதினார். யாரும் விதியை மீறாமல், எல்லாம் வழக்கம்போல நடந்துகொண்டிருக்கும்போதே ஊழியருக்குக் கேடு வருகிறது என்பது அவர் வாதம். நிற்க வைப்பது, ஷிஃப்டைக் கடைசி நிமிஷத்தில் மாற்றுவது, சிரிக்கச் சொல்வது. கேரளத்துத் துணிக்கடைப் பெண்கள் வருஷக்கணக்காக உட்காரக் கேட்டுப் போராடி 2018-இல் சட்டத் திருத்தம் வாங்கினார்கள், 2021-இல் தமிழ்நாட்டிலும் வந்தது. ஒரு ஸ்டூல் போடாததை நேற்று வரை யாரும் கேடு என்று சொல்லவில்லை. என் அம்மா கோயம்புத்தூரில் ஒரு துணிக்கடையில் பதினோரு வருஷம் நின்றவள், இப்போது மாடிப்படி ஏற முடியாது. அதனால் இந்த விஷயத்தில் நான் நடுநிலையாகப் பேசுகிறேன் என்று நினைக்க வேண்டாம்.

---

சிவாஜிநகர்_நஸ்ரின்

அக்கா, ஒரு சந்தேகம். நான் வளையல், மேக்கப் சாமான் விற்கும் கடையில் இருக்கிறேன். ஆறு பேர்தான். ஒரு கஸ்டமர் வாரம் ஒருமுறை வந்து, வளையல் அளவு பார்க்கிற மாதிரி என் கையைப் பிடிக்கிறார். வீட்டுக்கு வாங்குகிறாராம். முதலாளியிடம் சொன்னால், நல்ல பார்ட்டி, விட்டுடும்மா என்கிறார். பாலியல் தொல்லை சட்டம் கூட வேலை செய்பவர் மேல்தானே? கஸ்டமர் மேல் முடியுமா?

---

ஹலசூர்_வழக்கறிஞர்

முடியும்மா. 2013 சட்டம் 19-ஆம் பிரிவைப் பாருங்கள். வேலையிடத்தில் தொடர்பு கொள்ளும் வெளியாட்களிடமிருந்தும் பாதுகாப்புக் கொடுப்பது முதலாளியின் கடமை. தொல்லை செய்தவர் ஊழியராக இல்லாவிட்டாலும், நீங்கள் போலீஸ் புகார் கொடுக்க விரும்பினால் அவர் உதவியே ஆக வேண்டும். பத்துப் பேருக்குக் குறைவான கடையில் புகாரை விசாரிக்கும் உள் குழு இருக்காது. அதற்கு மாவட்ட அளவில் உள்ளூர்க் குழு உண்டு, நடந்த மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுங்கள். வாரா வாரம் நடக்கிறது என்றால் கடைசியாக நடந்த தேதியிலிருந்து எண்ணலாம். தேதிகளை இன்றே எழுதி வையுங்கள். எனக்குத் தனிச் செய்தி அனுப்புங்கள், மனு எழுதித் தருகிறேன். பணம் வேண்டாம்.

---

விவேக்நகர்_கௌரி

நஸ்ரின், தேதியோடு அப்போது கடையில் யார் இருந்தார்கள் என்பதையும் எழுதும்மா. சர்வதேச தொழிலாளர் அமைப்பு 2021-இல் 121 நாடுகளில் ஏறத்தாழ 75,000 பேரிடம் கேட்டது. வேலையில் ஏதாவது ஒருவகை வன்முறையையோ தொல்லையையோ அனுபவித்தவர்கள் 22.8 சதவீதம். அதில் வேறு யாரிடமாவது வாய்விட்டுச் சொன்னவர்கள் பாதிக்குச் சற்று மேல்தான். நீ இங்கே சொல்லிவிட்டாய்.

---

ராமமூர்த்திநகர்_சேகர்

இரண்டு நாளாக எழுதவில்லை, படித்துக்கொண்டுதான் இருந்தேன். முந்தாநாள் இரவு கடையில் நின்று கவனித்தேன். சண்டை எங்கே வருகிறது என்றால், பை கொண்டு வராதவரிடம் கேரி பேக்குக்குக் காசு கேட்கும்போது. அப்புறம் பில் போட்டபின் பொருளைத் திருப்ப முடியாது என்று சொல்லும்போது. இரண்டும் ஹெட் ஆபீஸ் விதி. சொல்பவள் பத்தொன்பது வயசுப் பெண். நான் மேலே கேபினில் இருப்பேன்.

வார்த்தை விஷயத்தில் என் கருத்து மாறவில்லை, முறைப்பை நான் வன்முறை என்று சொல்ல மாட்டேன். ஆனால் திருப்பும் பொருள் எல்லாம் இனி என்னிடம்தான் வர வேண்டும் என்று நேற்று மாற்றிவிட்டேன். கேபின் மேஜையைக் கீழே, மூன்றாவது கவுண்டர் பக்கத்தில் போட்டாயிற்று. கண்ணாடியில் ஒட்டியிருந்த ஆஃபர் போஸ்டரில் பாதியை எடுத்துவிட்டோம், மீதிக்கு ஹெட் ஆபீஸிடம் கேட்டிருக்கிறேன்.

---

விவேக்நகர்_கௌரி

சார், மிகவும் சந்தோஷம். மேஜை கீழே வந்ததைத்தான் பெரிதாக நினைக்கிறேன்.

எங்கள் கடை நிலவரம்: விபத்து அறிக்கை போயிருக்கிறது. மேனேஜரே உட்கார்ந்து நிரப்பினார், எந்தக் காது என்று என்னிடம் கேட்டு எழுதினார். டேமேஜ் புக் பக்கத்தில் நான் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி வைத்திருக்கிறேன். தேதி, மணி, என்ன சொன்னபோது, யார் விதி, கூட யார். ஐந்து கட்டம் ஸ்கேலால் கோடு போட்டாயிற்று. பகல் ஷிஃப்ட் அக்கா நேற்றே இரண்டு வரி எழுதியிருக்கிறார். அவருக்கு இத்தனை நடந்தது எனக்குத் தெரியவே தெரியாது.

---

எஜிபுரா_பாபு

அக்கா, நானும் எழுதுகிறேன். செவ்வாய், இரவு 9.10. சர்வீஸ் லிஃப்ட் ரிப்பேர், மெயின் லிஃப்டில் விடுங்கள் என்று சொன்னபோது. விதி அபார்ட்மெண்ட் சங்கம். கூட யாரும் இல்லை. தள்ளு இல்லை, திட்டு மட்டும். பதினோரு மாடி படியில் ஏறினேன், லேட் என்று காசு வெட்டினார்கள்.

அந்தச் செக்யூரிட்டி அண்ணன் தரப்பையும் எழுதலாமா? அவரும் அன்றைக்குச் சங்கத்துக்காரரிடம் திட்டு வாங்கினார். அவர் ஃபோனில் தமிழில் டைப் அடிக்க வராது, நான்தான் எழுத வேண்டும்.

---

விவேக்நகர்_கௌரி

எழுதுங்கள் பாபு. அடுத்த வரியிலேயே எழுதுங்கள். அவர் பெயர் வேண்டாம், எத்தனை மணி நேர ஷிஃப்ட் என்று மட்டும் கேட்டுச் சேருங்கள்.